அத்தை வீட்டுச் சுவரில் இரண்டு ஆணி

ஜூன் 4, செவ்வாய்

புவியியல் புத்தகத்தில் இன்று நிலச்சரிவுப் பாடம். படம் போட்டு, அம்புக்குறி போட்டு, கடைசியில் “சரிவுகளில் வாழும் மக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும்” என்று முடித்திருக்கிறார்கள். எப்படி விழிப்புடன் இருப்பது? கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டா? டீச்சரிடம் கேட்டேன். “அது பரீட்சைக்கு வராது, உட்காரு” என்றார்.

நாங்கள் சரிவில்தான் வாழ்கிறோம். எங்கள் தெருவே ஒரு சரிவு. அடியில், குன்றைவிட்டு எட்டிச் சமதரையில் பள்ளிக்கூடம், நடுவில் எங்கள் வீடு, தெரு முடிகிற உச்சியில், குன்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அத்தையின் வீடு. சைக்கிளில் இறங்கும்போது மிதிக்கவே வேண்டாம். ஏறும்போது இறங்கித் தள்ள வேண்டும். இதெல்லாம் புத்தகம் எழுதியவருக்குத் தெரியுமா?

ஜூன் 9, ஞாயிறு

அத்தைக்குப் பொத்தான்களை நிறம் பிரித்துக் கொடுக்கப் போனேன். தையல் மிஷினை மிதித்து மிதித்துக் கட்டிய வீடு அது. யார் எதைப் பற்றிப் பேசினாலும் அந்த வாக்கியத்தில்தான் அத்தை பேச்சை முடிப்பாள். அப்பாவே அவள் முன்னால் சின்னத் தம்பியாகிவிடுவார்.

சமையலறைச் சுவரில், கூரையிலிருந்து தரை வரை, ஒரு விரிசல். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆணி. பேரிடர் ஆய்வு நிலையத்திலிருந்து மாதம் ஒரு முறை ஓர் அக்கா வருவார். எங்கள் பள்ளிப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பது போன்ற வெர்னியர் அளவுகோலால் இரண்டு ஆணிக்கும் நடுவே அளப்பார், எழுதிக்கொள்வார், டீ குடிப்பார், போய்விடுவார். தெருவில் அவருக்கு ‘ஆணி அக்கா’ என்றே பெயர்.

“எதுக்கு அத்தை இந்த ஆணி?” என்று கேட்டேன்.

“அரசாங்க ஆணி. எனக்கென்ன தெரியும்? ஒண்ணுல டேப்பை மாட்டி வச்சிருக்கேன். கைக்கு எட்டுது.”

இரண்டு வருடமாக ஒருத்தி வீட்டுச் சுவரில் ஆணி இருக்கிறது. எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு ஏனோ பொத்தானெல்லாம் கலந்துவிட்டது.

ஜூன் 15, சனி

நாளை நிலையத் தலைவரே ஆணி அக்காவுடன் அத்தை வீட்டைப் பார்க்க வருகிறாராம். அத்தை நேற்றிலிருந்து தையலை நிறுத்திவிட்டு வீட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். “பெண் பார்க்க வர்ற மாதிரி அமர்க்களப்படுத்துறாங்க உங்க அத்தை.”

எனக்குக் கணக்குத் தேர்வு இருந்ததால் போகவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அவர்கள் வந்தபோது நானும் கூடப் போனேன். அத்தை சலவை மடிப்புக் கலையாத புடவையில் நின்றிருந்தாள். நேராகச் சமையலறைக்குப் போனார்கள். சுவர் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக இருந்தது. விரிசல் இல்லை. ஆணிகளும் இல்லை.

“ஆணி எங்கம்மா?” என்றார் ஆணி அக்கா.

“வாம்மா, முதல்ல உக்காரு. ஆணியெல்லாம் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்.” அத்தை ஒரு தீப்பெட்டியைத் திறந்து காட்டினாள். துரு போகத் துடைத்து வைத்திருந்தாள். “பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு சொன்னியே. அந்த விரிசலோட வீட்டைக் காட்டினா என்ன நினைப்பாங்க? கொத்தனாரைக் கூப்பிட்டு அடைச்சு, மேல சுண்ணாம்பும் அடிச்சாச்சு.”

ஆணி அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி இருந்தது, தரையில் உட்கார்ந்தார். இரண்டு வருட அளவு. எங்கே அடித்திருந்ததோ அதே இடத்தில் இனி அந்த ஆணியை வைக்கவே முடியாது. இது எனக்கே புரிந்தது.

தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இதுக்குத்தான் பொதுமக்களை நம்பி எதையும் வைக்கக் கூடாதுங்கறது.”

அத்தையின் முகத்தைப் பார்த்தேன். தீப்பெட்டியை மூடினாள், திறந்தாள், மூடினாள். அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை.

“அந்த ஆணி எதுக்குன்னு அத்தைகிட்ட யாராவது ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“இது யாரு?” என்றார் தலைவர்.

“தம்பி பொண்ணு,” என்றாள் அத்தை. “கொஞ்சம் படிக்கும். வாயும் கொஞ்சம் ஜாஸ்தி.”

“சரி, விரிசல் பெருசாகுதா இல்லையா? அதையாவது சொல்லுங்க” என்று ஆணி அக்காவிடம் கேட்டேன். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர்தான் பதில் சொன்னார்: “அதை நாங்க வெளிய சொல்லக் கூடாதும்மா. நாங்க அறிக்கை குடுப்போம். எச்சரிக்கை விடறது நகராட்சி வேலை. நாங்க பாட்டுக்குச் சொல்லி, ஒண்ணும் நடக்கலைன்னா? ஊரே பீதியாயிடும்.”

“நகராட்சி சொல்லிச்சா?”

டீயும் குடிக்காமல் போய்விட்டார்கள்.

வீடு அத்தையுடையது. சுவர் அத்தையுடையது. விரிசலும் அவளுடையதுதான். அதில் என்ன தெரிந்தது என்பது மட்டும் வேறு யாருடையதோ! ரத்தத்தை எடுத்துக்கொண்டு போய், நோய் என்னவென்று நோயாளியைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்கிற ஆஸ்பத்திரி எங்காவது உண்டா?

ஜூன் 17, திங்கள்

அப்பா: “பெரியவங்க பேசற இடத்துல உனக்கென்ன வாய்? அக்கா வீடு கல்லு மாதிரி நிக்குது.” அம்மா: “அவ கேட்டதுல என்ன தப்பு?” அப்பா பேருந்து ஓட்டுநர். பதில் இல்லாதபோது வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார். கிளம்பிவிட்டார்.

ஜூன் 23, ஞாயிறு

மூன்று நாளாக மழை. இன்று ஆணி அக்கா வந்தார், தனியாக. கையில் பையில்லை, அளவுகோல் இல்லை. என்னை வாசலில் பார்த்து, “நீயும் வா. நீ கேட்டதுக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன்” என்றார்.

அத்தை மிஷினில் இருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை. “சுவர் அப்படியேதான் இருக்கு. போய்ப் பாத்துக்க.”

சுவர் அப்படியே இல்லை. புதுச் சுண்ணாம்பின் மேல், தலைமுடி ஒட்டிக்கொண்டதைப் போல ஒரு கோடு. நான் விரலால் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

அத்தையைக் கூப்பிட்டோம். பார்த்தாள். “சுண்ணாம்பு காயறப்ப அப்படித்தான்” என்றாள். அப்புறம் கிட்டே போய்ப் பார்த்தாள். “அந்தக் கொத்தனார் படுபாவி சிமெண்ட்டை மிச்சம் பிடிச்சிட்டான்.”

“கொத்தனார் மேல தப்பில்லம்மா. சுவர் நகருது. சுவருக்குப் பின்னாடி குன்னு நகருது. ரெண்டு வருஷமா ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமா நகருது. அதைத்தான் அளந்துட்டிருந்தேன்.”

அத்தை ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

“விழுமா?”

“விழலாம்.”

“எப்ப?”

“தெரியாதும்மா.”

“ரெண்டு வருஷம் அளந்துட்டுத் தெரியாதுங்கற. இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?”

ஆணி அக்கா சிரித்துவிட்டார். “நாள் சொல்ல முடியாது. ஆனா எவ்வளவு மழை பேஞ்சா இந்த வீட்டுக்குள்ள இருக்கக் கூடாதுன்னு சொல்ல முடியும்.”

“அதை மொதல்லயே சொல்றதுக்கு வாய் வலிச்சுதா?”

அப்புறம் அத்தை கேட்ட கேள்விகளுக்கு அவரிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை. இருக்கக் கூடாது என்றால் எங்கே இருப்பது? பள்ளிக்கூடத்துக் கூடத்தில் என்றால் சாவி யாரிடம்? பக்கத்து வீட்டுப் படுத்த படுக்கைத் தாத்தாவை யார் தூக்குவது? மிஷினை யார் தூக்குவது? யார் போய் மற்ற வீடுகளில் சொல்வது, அவர்கள் கேட்காவிட்டால் என்ன செய்வது?

“இதெல்லாம் எங்க வேலைன்னு நான் நினைக்கவே இல்லம்மா” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அப்படியானால் எது வேலை என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். இந்தக் கேள்விகளை அவரே எழுதிக்கொண்டு போனார்.

ஜூலை 1, திங்கள்

தலைமையாசிரியை கூடத்தின் சாவியைத் தர மறுத்துவிட்டாராம். மேலிடத்து அனுமதி வேண்டுமாம். குன்று மேலிடத்தைக் கேட்டுக்கொண்டா இறங்கும்? ஆணி அக்கா காலையிலிருந்து அவர் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. கடைசி மணிக்குக் கையில் சாவியோடு வெளியே வந்தார்.

“என்ன சொன்னீங்க?” என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

“ஒண்ணும் புதுசா சொல்லல. போகாம இருந்தேன்.”

ஜூலை 6, சனி

இன்று அத்தையே ஆணி அடித்தாள். ஆணி அக்கா இடத்தைக் காட்டினார், அத்தை சுத்தியலால் இரண்டே போடில் இறக்கினாள். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையையும் ஒட்டினார்கள். கண்ணாடி வளையாது, சுவர் கொஞ்சம் விலகினாலும் உடைந்துவிடும். மொட்டை மாடியில் ஒரு நீண்ட டப்பா. அதில் எந்த உயரத்தில் கோடு போடுவது என்று ஆணி அக்கா இரண்டு வருட மழைக் கணக்கை வைத்துச் சொன்னார். ஒவ்வொரு காலையும் டப்பாவைக் கவிழ்க்க வேண்டும். ஒரே நாளில் தண்ணீர் கோட்டைத் தொட்டால் கிளம்பு. கண்ணாடி உடைந்தால் எதையும் எடுக்காதே, ஓடு. இவ்வளவுதான். என் தம்பிக்குக்கூடப் புரியும், எனக்குத் தம்பி இருந்தால்.

எதிர் வரிசைக் கடைக்கார மாமா மாடியைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார்: “என்ன டெய்லரம்மா, ஊருக்கெல்லாம் அளவெடுத்தது போதாதுன்னு மழைக்கும் அளவெடுக்கறியா?”

“ஆமா. உனக்கு அளவெடுக்கறதைவிட இது சுலபம். வயிறு குறுக்க வராது.”

ஆணி அக்காவுக்கு டீ புரையேறிவிட்டது.

ஜூலை 18, வியாழன்

தண்ணீர் கோட்டைத் தொட்டுவிட்டது. மாலை ஐந்து மணிக்கு அத்தை கத்தரிக்கோலால் ஒவ்வொரு வீட்டுக் கேட்டையும் தட்டிக்கொண்டு இறங்கினாள். மேல்தெருக் குடும்பத்தினர் எல்லோரும் வந்தார்கள். தாத்தாவைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அவர் மட்டும்தான் சந்தோஷமாக இருந்தார். தெருவைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்றாம். பள்ளிக் கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு எழுதுகிறேன். கடைக்கார மாமா பத்தாம் முறையாகக் கேட்கிறார், “எப்ப விழும்?”

ஜூலை 19, வெள்ளி

விழவில்லை.

வெயில். குன்று குளித்துவிட்டு வந்ததைப் போல உட்கார்ந்திருக்கிறது. எனக்கே அதன் மேல் கோபம்.

“டெய்லரம்மா டப்பா பொய் சொல்லிடுச்சு” என்று கடைக்கார மாமா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். சிரித்தார்கள். தாத்தாவைத் திரும்பத் தூக்கிப் போனவர்கள் சிரிக்கவில்லை, முறைத்தார்கள். அது இன்னும் மோசம். ஒருத்தர் ஒரு நாள் வேலை போச்சு என்றார். நியாயம்தான், அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நேற்றுத் தன்னுடைய போர்வையைக்கூட அவர் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வெறும் பெஞ்சில் படுத்தவள் அத்தைதானே?

பதினொரு மணிக்கு நகராட்சி ஜீப் வந்தது. அதிகாரி இறங்காமலே பேசினார். “யாரும்மா இங்க வதந்தி பரப்பறது? இன்னொரு தடவை இப்படி நடந்தா நடவடிக்கை எடுப்போம்.”

இரண்டு வருடம்! குன்று நகருகிறது என்று அறிக்கை போய்க்கொண்டிருந்த இரண்டு வருடத்தில் இந்த ஜீப்புக்கு எங்கள் தெருவுக்கு வழி தெரியவில்லை. பேசாதே என்று சொல்வதற்கு மட்டும் ஒரே காலையில் வழி தெரிந்துவிட்டது.

அத்தை வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மிஷின் சத்தமும் கேட்கவில்லை.

ஜூலை 20, சனி

ஆணி அக்கா வந்து, அத்தை வீட்டுக்குப் போகாமல், நேராகக் கடை வாசலில் நின்றார்.

“கோடு எங்க போடணும்னு சொன்னது நான். அந்தம்மா இல்ல. திட்டணும்னா என்னைத் திட்டுங்க.”

யாரும் திட்டவில்லை. ஆளை நேரில் வைத்துக்கொண்டு திட்டுவது கஷ்டம் போல.

“சரி, உன் கணக்கு தப்பாயிடுச்சுல்ல?” என்றார் கடைக்கார மாமா.

“தப்பாகல. இந்த அளவு மழைக்கு ஒவ்வொரு தடவையும் விழாது. மூணு தடவை கூப்பிட்டா ஒரு தடவை விழலாம். எந்தத் தடவைன்னு எனக்குத் தெரியாது. இதை முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல. அதுதான் என் தப்பு.”

“அப்ப ரெண்டு தடவை நாங்க சும்மா நடக்கணுமா?”

“ஆமா.”

இவ்வளவு நேராகச் சொல்வார் என்று மாமா எதிர்பார்க்கவில்லை. அப்போது உள்ளேயிருந்து மாமாவின் மனைவி சொன்னார்: “குடை எடுத்துட்டுப் போற அன்னைக்கெல்லாம் மழை பெய்யுதா? அதுக்காகக் குடையைத் தூக்கியா போட்டீங்க?”

திரும்பிப் போகும்போது கூடவே நடந்தேன். நிலையத்தில் அவரையும் கூப்பிட்டுக் கடுமையாகப் பேசியிருக்கிறார்கள்.

“உங்க வேலை போயிடுமாக்கா?”

“தெரியல. அதையும் கணிக்க முடியல.”

ஆகஸ்ட் 2, வெள்ளி

பள்ளியிலிருந்துதான் எழுதுகிறேன். மதியமே கோட்டைத் தாண்டிவிட்டது. நான் குடையோடு மேலே ஓடினேன். அத்தை மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“அத்தை, கிளம்பு. எல்லார் வீட்டுலயும் சொல்லணும்.”

“நீ போ.”

“நீ?”

“இன்னொரு தடவை போய்க் கதவைத் தட்டி அசிங்கப்படணுமா நான்? இது நான் மிஷின் மிதிச்சுக் கட்டின வீடு. இருந்தா இதோட இருக்கேன்.”

நான் அழுதேன், கத்தினேன். நீ கெட்டிக்காரி என்று நினைத்தேன், கடைக்கார மாமாவைவிட மோசம் என்றுகூடச் சொன்னேன். அவள் அசையவில்லை. இவளை இப்படி உட்கார வைத்தது மழை அல்ல. அந்தச் சிரிப்பும் அந்த ஜீப்பும்தான். நிலச்சரிவுக்குக் காரணங்கள் என்று புத்தகத்தில் நான்கு போட்டிருக்கிறார்கள். இதைப் போடவில்லை.

ஓடிப்போய் அப்பாவைக் கூட்டி வந்தேன். அக்கா வீடு கல்லு மாதிரி நிற்கிறது என்று சொன்ன அதே அப்பா. அவர் நேராகப் போய் மிஷினின் தலைப்பகுதியைக் கழற்றித் தோளில் தூக்கினார். தூக்கித் திரும்பும்போது சமையலறைச் சுவர் கண்ணில் பட்டது. அப்படியே நின்றார்.

“அக்கா. கண்ணாடி உடைஞ்சிருக்கு.”

அத்தை எட்டிப் பார்த்தாள். அப்பா வெளியே நடந்துவிட்டார். “டேய், பாத்துடா, ஊசி உடையும்… டேய்!” என்று அத்தை பின்னாலேயே ஓடினாள். தெருவில் இறங்கியதும் என்ன தோன்றியதோ, என் குடையைப் பிடுங்கி அதன் கைப்பிடியால் முதல் கேட்டைத் தட்டினாள்.

எல்லோரும் உடனே வந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள், ஒவ்வொருவராக வந்தார்கள். தாத்தா மறுபடியும் கட்டிலோடு வந்தார். கடைக்கார மாமா வர மாட்டேன் என்றார். அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இருட்டுவதற்குள் மாமாவும் நனைந்துகொண்டு வந்தார். “தனியா உக்காந்து என்ன பண்றது? டீ போடக்கூட ஆளில்ல.” யாரும் சிரிக்கவில்லை. இடம் விட்டார்கள்.

ஆகஸ்ட் 3, சனி

விடியும்போது விழுந்தது. லாரி லாரியாகக் கல்லைக் கொட்டுவதைப் போல ஒரு சத்தம், அப்புறம் சத்தமே இல்லை. எல்லோரும் இருக்கிறோம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அத்தை வீட்டில் வாசற்படி மட்டும் மிச்சம். தாத்தாவின் அறை இருந்த இடத்தில் வேரோடு பெயர்ந்த ஒரு மரம் கிடக்கிறது. கடையில் பாதி சேறு.

அத்தை வாசற்படி வரை போய் நின்று பார்த்தாள். அழவில்லை. “முந்தாநேத்து அரிசி ஊற வச்சிருந்தேன்” என்றாள், அவ்வளவுதான்.

ஆணி அக்கா முழங்கால் வரை சேற்றோடு வந்து, ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அளக்க எதுவும் கொண்டு வரவில்லை. கடைக்கார மாமா எங்கிருந்தோ ஒரு கிளாஸ் டீ கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அத்தையின் மிஷின் என் அறை ஜன்னலுக்குக் கீழே. என் மேசை சமையலறைக்குப் போய்விட்டது. பத்து நாளில் பாதி அறை துணி. எனக்கு வருத்தமில்லை, குறட்டையைத் தவிர.

இன்று பத்திரிகையில் எங்கள் தெருவைப் பற்றி நான்கு வரி வந்திருக்கிறது. “அதிர்ஷ்டவசமாக வீடுகளில் யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது.” அதற்குக் கீழே நகராட்சி அதிகாரியின் படம். ஆணி அக்கா பெயர் இல்லை, அத்தை பெயர் இல்லை, டப்பாவும் இல்லை, கோடும் இல்லை. அதிர்ஷ்டவசமாக! அத்தையிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

அவள் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். “யாருடி அந்த அதிர்ஷ்டம்? அன்னைக்கு நம்ம கூட மழையில நனைஞ்சாளா?”

ஆணி அக்காவுக்கு வேலை போகவில்லை. குன்றின் அந்தப் பக்கத்துத் தெருவில் இனி அளக்க வேண்டுமாம். அங்கே ஒருவரும் அவரை வீட்டுக்குள் விடவில்லை. அத்தையைக் கூட வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நாளைக்கு முடியாது, பள்ளிச் சீருடை தைக்க வேண்டியிருக்கிறது, மறுநாள் வருகிறேன் என்று அத்தை சொல்லியிருக்கிறாள்.

அங்கே போய் என்ன பேசப் போகிறாய் என்று கேட்டேன். மிஷினை நிறுத்தி நூலைப் பல்லால் கடித்தாள்.

“பேசறதுக்கு என்ன இருக்கு? எனக்கு வீடு இல்லைன்னு சொல்லுவேன். நான் இருக்கேங்கறதை அவங்களே பாத்துக்குவாங்க.”